பாங்காக்கில் இருவராக நான்கு நாள்: முதுகுப்பையோடு ஊர் சுற்ற ஒரு முழு வழிகாட்டி

பகல் பன்னிரண்டரை மணி. தா தியன் படகுத்துறைக்கு வெளியே இளநீர் விற்கும் அம்மாவின் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கியபடி எதிரே நின்றார்.

"இன்னும் இரண்டு கோயில்தான். முடித்துவிடலாம்."

"ஏங்க, நீங்கள் முடித்துவிட்டு வாருங்கள். நான் எழுந்திருக்கப் போவதில்லை."

அவர் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. பத்து நிமிடம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இளநீர்க்கார அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்காமலேயே இரண்டாவது முக்காலியை என் கணவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பாங்காக்கில் கணவன் மனைவிக்குள் மூட்டிவிடும் வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது. அன்று மாலை அறையில் உட்கார்ந்து நாங்கள் போட்ட ஒப்பந்தம் இதுதான்: காலை பதினொன்று வரை ஒன்றாகச் சுற்றுவது; பதினொன்றிலிருந்து நான்கு வரை ஏசி, தூக்கம், அல்லது அவரவர் வழி; நான்குக்கு மேல் மறுபடி ஒன்றாக. கீழே உள்ள திட்டம் பெரும்பாலும் அந்தக் கடிகாரத்தின்படி ஓடுகிறது.

படி 1: மாதமும் நாட்களும்

நான்கு முழு நாட்கள் ஒதுக்குங்கள். மூன்றிலும் முடிக்கலாம், முடிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். கூட்டமும் அறை வாடகையும் அப்போதுதான் உச்சம். மார்ச் முதல் மே வரை ஊர் கொதிக்கும், ஆனால் நல்ல மாம்பழம் கிடைப்பதும் அந்த மாதங்களில்தான். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு, ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் விழா. அந்த மூன்று நாளும் தெருவில் கால் வைத்தவர் எவராக இருந்தாலும் நனைந்தே திரும்புவார்; கடவுச்சீட்டுக்கும் கைப்பேசிக்கும் தண்ணீர் புகாத உறை வேண்டும். அதற்குப் பிறகு அக்டோபர் வரை மழைக்காலம். பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ அடித்துக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். கையைக் கடிக்காமல் பயணம் போகிறவர்களுக்கு மழைக்காலத்தின் முதல் இரண்டு மாதங்களையே நான் சொல்வேன்.

நான்கு நாளில் ஒரு சனி அல்லது ஞாயிறு விழுந்தால் சதுசக் சந்தை கிடைக்கும். தேசிய அருங்காட்சியகம் திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படி 2: கிளம்பும் முன்

தாய்லாந்துக்குள் வரும் வெளிநாட்டவர் 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்தினுடையது அல்ல, மூடிவிடுங்கள். இருவருக்கும் தனித்தனியாக நிரப்பி, ஒருவர் கைப்பேசியில் இருவருடையதையும் சேமித்துக்கொள்ளுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பார்த்துக்கொள்வது போதும். மின்சிகரெட் வைத்திருப்பவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டும், அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.

சிம் விஷயத்தில் நாங்கள் கஞ்சத்தனம் செய்தோம். ஒரு சிம் வாங்கி, அவர் கைப்பேசியிலிருந்து நான் இணையத்தைப் பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு. பிற்பகலில் பிரிந்து சுற்றலாம் என்று முடிவு செய்ததும் அந்த ஏற்பாடு பல்லை இளித்தது. இருவருக்கும் தனித்தனி சிம் வாங்குங்கள்.

துணியில் ஒன்றே ஒன்று முக்கியம்: தோளும் முழங்காலும் மறையும் ஒரு செட் உடை, ஆளுக்கு ஒன்று. மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை எப்போதும் பகல் பையில் வையுங்கள். வெயிலுக்கு முக்காடு, கோயிலில் மேல்துண்டு, ஏசி ரயிலில் போர்வை என்று எல்லா வேலைக்கும் ஆகும்.

படி 3: எங்கே தங்குவது

முதுகுப்பைக்காரர் என்றாலே காவ் சான் சாலை என்பார்கள். பெயருக்கு அரைத்த அரிசி என்று பொருள். ஒருகாலத்தில் அரிசிச் சந்தை இருந்த இடம். இப்போது நள்ளிரவு தாண்டியும் ஒலிபெருக்கிகள் போட்டி போடும் இடம். அந்தப் பேட்டையின் வசதிகள் வேண்டும், தூக்கமும் வேண்டும் என்றால் பக்கத்திலேயே வளைந்து போகும் ராம்புத்ரி தெருவைப் பாருங்கள். பிரா ஆதித் படகுத்துறை நடக்கும் தூரம். ரயில் நிலையம் மட்டும் அருகில் இல்லை.

முதல் முறை வரும் ஜோடிக்கு என் தேர்வு, சீனர் பேட்டையான யாவராட்டை ஒட்டிய பகுதி. ஹுவா லம்போங், வாட் மங்கோன், சாம் யோட் என்ற மூன்று சுரங்க ரயில் நிலையங்களில் ஏதாவது ஒன்றுக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். பழைய நகரத்துக்கு இரண்டு மூன்று நிறுத்தம். இரவு உணவு தெருமுனையிலேயே.

விடுதியில் இரண்டு படுக்கைகளின் வாடகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அதே தொகைக்கு மின்விசிறி வைத்த தனியறை கிடைக்கிறதா என்று தேடுங்கள். பல நேரம் கிடைக்கும். பதிவு செய்யும் முன் ஜன்னல் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த முதல் அறையில் அழகான திரைச்சீலை இருந்தது, விலக்கினால் சுவர்.

படி 4: விமான நிலையத்திலிருந்து

சுவர்ணபூமியில் இறங்கினால் அடித்தளத்துக்குப் போங்கள். அங்கிருந்து கிளம்பும் ரயில் ஃபயா தாய் வரை 45 பாட் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்). அரை மணிக்குள் போய்விடும். யாவராட் பக்கம் அறை எடுத்தவர்கள் மக்கசானில் இறங்கி, பாலத்தில் நடந்து ஃபெட்சபுரி சுரங்க ரயில் நிலையத்துக்கு மாறலாம். பணம் மாற்றும் கவுன்ட்டர்களும் அந்த ரயில் வாசலுக்கு அருகிலேயே இருக்கின்றன. மேல்தளத்துக் கவுன்ட்டர்களைவிட அங்கே விகிதம் நன்றாக இருக்கும். காவ் சான் போகிறவர்களுக்கு எஸ்1 என்ற பஸ், 60 பாட்.

இன்னொரு விமான நிலையமான டான் முவாங்கில் இறங்கினால் ஏ4 பஸ் 50 பாட்டுக்குப் பழைய நகரத்தில் விடும். இரவு பதினொன்றுக்கு மேல் என்றால் யோசிக்காமல் மீட்டர் டாக்சி எடுங்கள். மீட்டர்த் தொகையோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும் சுங்கமும் சேரும். இருவர் பங்கிட்டால் பெரிய தொகை ஆகாது.

படி 5: ஒரே பணப்பை

வெளிநாட்டு அட்டையில் பணம் எடுத்தால் ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடிக்கும். ஆயிரம் ஆயிரமாக எடுப்பது மடத்தனம். மொத்தமாக எடுத்து அறைப் பெட்டகத்தில் வையுங்கள். ஒவ்வொரு காலையும் அன்றைய பணத்தை ஒரு சின்ன ஜிப் பையில் போடுங்கள். படகு, சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் அதிலிருந்து. அந்தப் பை ஒரு நாள் அவரிடம், மறுநாள் என்னிடம். பை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அன்றைய தலைவர். எந்தச் சந்து, எந்தக் கடை என்பது அவர் முடிவு, மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. எங்கள் பன்னிரண்டு ஆண்டு மணவாழ்வில் வேறு எந்த விதியும் இவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை.

படி 6: ஊருக்குள் நகர்வது

ஆறு, கால்வாய், ரயில், கடைசியாகச் சாலை. இந்த வரிசையில் யோசியுங்கள்.

சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு, எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாட். படகுத்துறைகளில் அதிகம் கூவி அழைக்கப்படுவது நீலக் கொடி கட்டிய சுற்றுலாப் படகு. அதற்கு இரண்டு மடங்கு போல ஆகும். கொடியைப் பார்த்து ஏறுங்கள். ஆரஞ்சுப் படகில் நடத்துநர் ஒரு நீளமான தகர உருளையைக் கையில் வைத்திருப்பார். அதன் மூடி திறந்து மூடும் டக் டக் ஓசை கேட்டதும் எல்லோர் கையும் சில்லறைக்குப் போகும். உருளைக்குள்ளேயே டிக்கெட் சுருளும் இருக்கிறது, காசும் இருக்கிறது. அதன் விளிம்பிலேயே டிக்கெட்டைக் கிழித்தும் கொடுத்துவிடுகிறார். படகு துறையில் நிற்பது சில விநாடிகள்தான். பின்னால் நிற்பவர் விசிலடித்தே ஓட்டுநருக்கு எவ்வளவு ஒதுங்க வேண்டும் என்று சொல்கிறார். இறங்க வேண்டிய துறைக்கு முன்பே எழுந்து பின்பக்கம் போய் நில்லுங்கள். மாலை ஆறு மணியை ஒட்டி இந்தப் படகுகள் குறைந்துவிடும்.

சுரங்க ரயிலில் டிக்கெட் வாங்காமலே வங்கி அட்டையைத் தட்டி உள்ளே போகலாம். ஆனால் ஒரு அட்டைக்கு ஒரு ஆள். நான் தட்டி உள்ளே போய், அதே அட்டையைக் கம்பிக்கு மேலாக அவரிடம் நீட்டினேன். கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஆளுக்கொரு அட்டை வேண்டும். மேம்பாலத்தில் ஓடும் பிடிஎஸ் ரயில் வேறு நிர்வாகம், வேறு டிக்கெட்.

டாக்சியில் மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். "மீட்டர்" என்று ஒரு சொல் சொல்லுங்கள்; தலையாட்டாதவரை விட்டுவிட்டு அடுத்ததை நிறுத்துங்கள். மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை எந்த வண்டியிலும் ஏறாதீர்கள்.

படி 7: முதல் நாள், ஆற்றங்கரைக் கோயில்கள்

எட்டேகாலுக்குப் பெரிய அரண்மனை (கிராண்ட் பேலஸ்) வாசலில் இருங்கள். கதவு எட்டரைக்குத் திறக்கிறது. ஒன்பதரைக்கெல்லாம் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். சனம் சாய் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். டிக்கெட் 500 பாட், இந்தப் பயணத்தின் மிக விலையுயர்ந்த சீட்டு இதுதான். அரச நிகழ்ச்சி இருக்கும் நாட்களில் சில பகுதிகளை மூடுவார்கள் என்பதால் முந்தைய இரவு அரண்மனையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உடைக் கட்டுப்பாடு விளையாட்டல்ல. அரைக்கால் சட்டையோடு வந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டு, எதிர்க்கடையில் யானை போட்ட கால்சட்டை வாங்கிக்கொண்டு வருவதை வரிசையில் நின்றபடியே பார்க்கலாம்.

வருகிறவர்கள் எல்லோரும் அரண்மனை வளாகத்துக் கோயிலில் இருக்கும் மரகத புத்தரைப் பார்க்க ஓடுகிறார்கள். ஓட வேண்டாம். 66 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்தப் பச்சைக்கல் சிலை உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கோடை, மழை, குளிர் என்று ஆண்டுக்கு மூன்று முறை மன்னரே சிலைக்கு உடை மாற்றுகிறார். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பாருங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

ஒரு மணி நேரம் செலவிட வேண்டிய இடம், அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள மண்டபச் சுவர். ராமகியன் கதை 178 ஓவியங்களாக அங்கே ஓடுகிறது. முதலாம் ராமா மன்னர் காலத்தில் எழுதப்பட்ட தாய்லாந்து ராமாயணம் இது. வடக்கு வாசலருகே தொடங்கி வலமாக வாருங்கள். நமக்குத் தெரிந்த கதைதான் என்று நினைத்தால் நாலாவது சுவரில் தடுக்கி விழுவீர்கள். இங்கே சீதை தோட்சகானின் மகள். தோட்சகான் என்பது தசகண்டன், நம் ராவணன். அனுமன் பிரம்மச்சாரி கிடையாது, கடலில் பாலம் கட்டப் போன இடத்தில் ராவணனின் மீன்மகளைக் காதலிக்கிறார். என் கணவருக்கு இது மனத்தாங்கலாகவே இருந்தது. "அனுமாரை இப்படியா எழுதுவது" என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தார். தங்க மை தீட்டிய அரக்கர் முகங்களுக்குக் கீழே, ஓவியர்கள் சாதாரண ஜனங்களையும் வரைந்திருக்கிறார்கள். பெரிய போரை விட்டுவிட்டு அந்த ஓரங்களைத் தேடிப் பாருங்கள், இருவரில் யார் வேடிக்கையான ஆளைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று.

பதினொன்றுக்குள் வெளியே வந்து, தெற்கே பத்து நிமிட நடையில் வாட் போ (வாட் என்றால் கோயில்). 300 பாட். 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரத்தில் புத்தர் சாய்ந்து கிடக்கிறார். கட்டடம் சிலைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருப்பதால் முழு உருவத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. பாதங்களுக்குப் போய்விடுங்கள், முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள் அங்கே. முதுகுப்புறமாகத் திரும்பி வரும் வழியில் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். எண்ணிக்கை தவறாமல் போடுவது பெரிய பாடு. எனக்குக் கடைசி நான்கு கிண்ணத்துக்குக் காசு இல்லை, அவருக்கு மூன்று மிஞ்சியது, கொடுத்தார்.

இங்கே மசாஜ் பள்ளி 1955 முதல் நடக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஏசி அறையில் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்திருக்க இதைவிடச் சாக்கு கிடைக்காது. பிறகு அறைக்குத் திரும்பித் தூங்குங்கள்.

நான்கு மணிக்குத் தா தியனிலிருந்து 5 பாட் கொடுத்து அக்கரைக்குப் படகு. வாட் அருண் நுழைவுச்சீட்டு 200 பாட். தலைநகரம் 1782-இல் இந்தக் கரைக்கு வருவதற்கு முன், தக்சின் மன்னர் காலத்தில் மரகத புத்தர் இருந்தது அங்கேதான். தூரத்தில் வெள்ளையாகத் தெரியும் கோபுரம் கிட்டே போனால் உடைந்த சீனப் பீங்கான்! தட்டுகளின் விளிம்பு இதழாகவும், கிண்ணத்தின் அடி பூவின் நடுவாகவும் பதிந்திருக்கின்றன. படிகள் செங்குத்து, இறங்கும்போது கைப்பிடிக் கயிற்றை விடாதீர்கள். சூரியன் சாயும் முன் மறுபடி தா தியன் பக்கம் வந்துவிடுங்கள். கோபுரத்துக்குப் பின்னால்தான் சூரியன் இறங்குகிறது. மொட்டைமாடிக் கடைகளில் ஒரு பழச்சாறுக்கு உணவுக் காசு கேட்பார்கள். ஆற்றோரச் சிறு பூங்காவின் திண்ணையில் அதே காட்சி காசில்லாமல் கிடைக்கும்.

படி 8: இரண்டாம் நாள், ஊஞ்சலிலிருந்து கால்வாய்க்கு

ஏழரைக்குச் சாம் யோட் நிலையத்தில் இறங்கி வடக்கே நடங்கள். பத்து நிமிடத்தில் நடுச்சாலையில் சுமார் 21 மீட்டர் உயரத்துக்குச் சிவப்புத் தூண்கள் இரண்டு நிற்கும். ஊஞ்சல் இல்லாத ஊஞ்சல் கம்பம். முதலில் 1784-இல் நட்டார்கள், இப்போதுள்ள தேக்கு 2007-இல் மாற்றியது. சிவபெருமான் பூமிக்கு வருவதாக நம்பப்படும் நாட்களில் பிராமணர்கள் இதில் வீசி ஆடி, உயரத்தில் கட்டிய பணமுடிப்பைப் பல்லால் கவ்வ வேண்டும். விழுந்து இறந்தவர்களும் உண்டு. 1935-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

பயண ஏடுகள் இத்தோடு நகர்ந்துவிடும். விழாவின் பெயரைக் கேளுங்கள்: திரியம்பவாய், திரிபவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் இப்படித் தேய்ந்திருக்கின்றன. ஊஞ்சல் நின்றுபோனாலும், சாலைக்கு அப்பால் உள்ள தேவஸ்தான் என்ற சிறு வெள்ளைக் கோயிலில் அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி, தை ஒட்டி அந்தச் சடங்கை இன்றும் செய்கிறார்கள். அவர்கள் ஓதும் வரிகளில் தமிழ்ப் பாடல்கள் இருப்பதை அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. வாசலில் நின்று பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சாலையில் பேருந்து ஹாரன் அடித்ததால் என் கணவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னதும் "மறுபடி சொல்" என்றார்.

எதிரே வாட் சுதாட்டில் சுகோதாயிலிருந்து கொண்டுவந்த 8 மீட்டர் உயர வெண்கல புத்தர் இருக்கிறார். கூட்டமே இருக்காது. அங்கிருந்து நடந்தால் லோகா பிரசாத், 37 உலோகக் கூர்முனைகள் கொண்ட கட்டடம். அடுத்து தங்கமலை எனப்படும் வாட் சாகேட், 344 படி. வளைந்து வளைந்து ஏறுவதால் மூச்சு முட்டாது. வழியெல்லாம் தட்டிப் பார்க்க மணிகள்.

மலையடிவாரத்தில் பன்ஃபா படகுத்துறை. சேன் சேப் கால்வாய்ப் படகு இங்கே தொடங்குகிறது. தண்ணீர் கறுப்பு, வாசனை பற்றி எழுதாமல் விடுகிறேன். ஆனால் நகரத்தின் முதுகுப்புறத்தை, வீட்டுப் பின்கட்டுகளையும் பூந்தொட்டிகளையும் துணிக்கொடிகளையும் பத்து இருபது பாட்டுக்கு வேறெந்த வண்டியும் காட்டாது. எதிர்ப்படகு வரும்போது ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும், அது அந்த இருக்கையில் உட்கார்ந்தவருடைய கடமை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பின்னாலிருந்த பாட்டி தோளில் தட்டிக் கயிற்றைக் காட்டினார்.

ஹுவா சாங் பாலத் துறையில் இறங்கினால் ஜிம் தாம்சன் வீடு அருகில். தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர். பழைய தேக்கு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். 1967-இல் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். அது முடிந்தால் பிற்பகலுக்குப் பக்கத்திலுள்ள நகரக் கலை மையம், அனுமதி இலவசம், ஏசி தாராளம், திங்கள் விடுமுறை.

மாலை லும்பினி பூங்கா. குளத்தோரம் ஆளுயர உடும்புகள் சாவதானமாக நடந்து போகும். அவற்றுக்கு நம்மீது அக்கறை இல்லை, நாமும் சீண்டக் கூடாது. ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் அப்படியே நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். காலை எட்டு மணிக்கும் இதேதான்.

படி 9: மூன்றாம் நாள், பிரிந்து போகும் நாள்

இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். ஊரில் ஒரு நாளாவது ஆளுக்கொரு திசையில் போய், மாலையில் சொல்வதற்கு ஏதாவது கொண்டுவாருங்கள். சந்திக்கும் இடமும் நேரமும் முன்பே முடிவாகட்டும். "கைப்பேசியில் சொல்கிறேன்" என்பது மின்கலம் தீரும் வரைதான். எங்கள் இடம் வாட் மங்கோன் நிலையத்தின் வெளிவாசல், மாலை ஐந்தரை.

அது சனிக்கிழமை. அவர் சதுசக் போனார். 27 பகுதிகள், ஆயிரக்கணக்கான கடைகள். மணிக்கூண்டை அடையாளமாக வைத்துக்கொண்டால் தொலைய மாட்டீர்கள். ஒன்பது மணிக்கே போய்விட வேண்டும்.

நான் சிலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். 1879 வாக்கில் தமிழர்கள் கட்டியது. ஊரார் இதை வாட் கேக் என்கிறார்கள். கேக் என்றால் விருந்தாளி, இந்தியர்களுக்கு அவர்கள் வைத்த பெயரும் அதுவே. விருந்தாளிகளின் கோயிலில் அன்று கும்பிட்டவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். அலுவலக உடையில் இருந்த இளம்பெண் ஒருத்தி சாமந்தி மாலையும் வாழைப்பழமும் வைத்த தட்டை நீட்டி, கண்ணை இறுக மூடி நெடுநேரம் நின்றாள். குருக்கள் நெற்றியில் குங்குமம் இட்டதும் அதைக் கைப்பேசி கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டு வேலைக்கு நடந்தாள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

மாலையில் யாவராட். முதலில் வாட் திரைமித்: சுண்ணம் பூசிய சாதாரணச் சிலை என்று கிடந்ததை 1955-இல் இடம் மாற்றும்போது பூச்சு பெயர்ந்தது, உள்ளே ஐந்தரை டன் தங்க புத்தர். மூடும் முன் போக வேண்டும் என்றால் சந்திப்பை நாலரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு இருட்டியதும் தெருக்கடைகள். ஒரு தட்டு வாங்கி இருவரும் பகிர்ந்து அடுத்த கடைக்கு நகருங்கள். முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிவிட்டுப் பிறகு ஏங்குவது எல்லோரும் செய்யும் தவறு.

கால் தாங்கினால் பத்து மணிக்கு மேல் பாக் க்ளோங் பூச்சந்தை. இரவில்தான் லாரிகள் வந்து இறங்கும். பனிக்கட்டி மேல் தாமரை மொட்டு, மூட்டை மூட்டையாகச் சாமந்தி, மல்லிகை மொட்டை ஊசியில் கோத்து அவர்கள் கட்டும் புவாங் மாலாய் என்ற சிறு மாலைகள். தள்ளுவண்டி வரும் வழியை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள்.

படி 10: சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

காய்கறி மட்டும் என்று சொன்னால் காய்கறிதான் வரும், மீன் சாற்றில் வதக்கி. நாம் ப்லா என்ற அந்த மீன் சாறு உப்பைப் போல எதிலும் இருக்கும். பாட் தாய் என்ற நூடுல்ஸிலும் பப்பாளி சாலட்டிலும் காய்ந்த இறாலும் சேரும். கற்றுக்கொள்ள வேண்டிய சொல் "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் இந்தச் சொல் தொங்கும் கடையில் மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது; பூண்டும் வெங்காயமும் கூட இல்லை. மற்ற கடைகளில் "மை சை நாம் ப்லா" என்று சொல்லிப் பாருங்கள். வாக்கியக் கடைசியில் பெண்கள் "கா", ஆண்கள் "க்ராப்" சேர்த்தால் மரியாதை.

தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் மாம்பழமும் எந்த எச்சரிக்கையும் தேவைப்படாத உணவு. குழிக்கல்லில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சுடும் கனோம் க்ரோக்கும் அப்படியே. வெங்காயத்தாள் தூவியதைக் கேட்டு வாங்குங்கள்.

படி 11: ஏமாறாமல் இருக்க

அரண்மனைச் சுவரோரம் நல்ல உடை உடுத்திய ஒருவர் வந்து, இன்று பூசை, பிற்பகல் வரை மூடியிருக்கிறது என்பார். பொய். அடுத்த நொடி ஒரு துக்துக் ஆட்டோ வரும். 20 பாட்டுக்கு நான்கு கோயில் காட்டுவதாகச் சொல்லி நகைக்கடையிலோ தையல்கடையிலோ இறக்கிவிடும். எங்களிடம் வந்தவர் என் கணவரின் ஊரைக்கூட விசாரித்தார். பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு நடந்தால் போதும், யாரும் துரத்துவதில்லை.

கோயிலில் புத்தர் பக்கம் பாதத்தை நீட்டி உட்காராதீர்கள். பெண்கள் பிக்குகளைத் தொடவோ கையில் நேரடியாகப் பொருள் கொடுக்கவோ கூடாது. கணவன் மனைவியானாலும் கோயில் வளாகத்தில் தோளில் கைபோட்டுப் படம் எடுப்பதைத் தவிர்க்கலாம். அரச குடும்பத்தைப் பற்றி நகைச்சுவை வேண்டாம், அங்கே அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

படி 12: நான்காம் நாள், அயுத்தயா

பெயர் அயோத்தியிலிருந்து வந்தது. 1350-இல் நிறுவி, 1767-இல் பர்மியப் படை எரிக்கும் வரை தலைநகரம். ஹுவா லம்போங்கிலிருந்து கிளம்பும் சாதாரண ரயிலின் மூன்றாம் வகுப்பில் போனால் ஒன்றரை இரண்டு மணி நேரம். ஜன்னல் திறந்திருக்கும், விற்பவர்கள் ஏறி இறங்குவார்கள். ஏழு மணி வாக்கில் கிளம்பிவிடுங்கள். இறங்கி நேரே நடந்து ஆற்றைச் சிறு படகில் கடந்தால் சைக்கிள் வாடகைக் கடைகள். பிரேக்கைச் சோதித்துவிட்டு எடுங்கள்.

வாட் மகாதாட்டில் மர வேர்களுக்கு நடுவே புத்தரின் கல்தலை தரைமட்டத்தில் சிக்கியிருக்கிறது. அதனோடு படம் எடுப்பவர்கள் புத்தர் தலைக்குமேல் தங்கள் தலை போகாதபடி குந்தி உட்கார வேண்டும். காவலர் கவனித்துக்கொண்டே இருப்பார். ஆற்றோரமாக வாட் சைவத்தனாராம் இருக்கிறது, கொஞ்சம் தூரம். இரண்டு இடம் போதும். பட்டியலில் இருக்கும் மீதி முப்பதையும் விடச் சொன்னபோது, அன்று பணப்பை என்னிடம் இருந்ததால் அவர் ஒன்றும் பேசவில்லை.

மூன்று மணி ரயிலைப் பிடித்தால் இருட்டும் முன் அறைக்கு வந்து, துணிகளைக் காசு போட்டுத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, மூட்டை கட்டத் தொடங்கலாம். மறுநாள் மாலை விமானம் என்றால் சுவர்ணபூமிக்கு ரயிலிலேயே போங்கள். மீதமுள்ள சில்லறையைப் படகுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தவர் என் கணவர். விமான நிலையத்தில் எண்ணிப் பார்த்தபோது 32 பாட் இருந்தது, சரியாக ஆரஞ்சுப் படகில் இரண்டு டிக்கெட்.